பவர் கேபிள் எங்கே? - ஒரு எரர் மெசேஜின் வரலாறு

கம்ப்யூட்டரை ஆன் செய்கிறீர்கள். ஃபேன் சுற்றுகிறது, கேபினெட்டில் விளக்கெல்லாம் எரிகிறது. ஆனால் விண்டோஸ் வரவில்லை. கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வாக்கியம். 'கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு இந்த கிராபிக்ஸ் கார்டுக்கான பவர் கேபிளைச் செருகவும்' என்பது அதன் சாரம். அதற்கு மேல் ஒன்றும் நகராது. "எனக்கு இன்னும் சாப்பாடு வரலை" என்று கார்டு சத்தியாகிரகம் பண்ணுகிறது :-)

இதற்கு என்ன செய்வது என்று யாரைக் கேட்டாலும் "கேபிளைக் கழட்டி மாட்டுங்க" என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் அதுவே போதும். ஆனால் யோசித்துப் பார்த்தால் இரண்டு கேள்விகள் வரும். கார்டுக்கு மின்சாரமே வரவில்லை என்றால், இந்த வாக்கியத்தை மட்டும் அது எப்படித் திரையில் எழுதுகிறது? கேபிள் மாட்டியிருக்கிறதா இல்லையா என்பது அதற்கு எப்படித் தெரியும்?

இதற்கு விடை தேடிப் போனால் சுமார் 25 வருட வரலாறு விரிகிறது. அந்த வரலாறு 2022-ல் கருகிப்போன பிளக்குகளிலும், "தப்பு யாருடையது?" என்ற பெரிய சண்டையிலும் போய் நிற்கிறது. நான் படிப்பது பி.காம். எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் நண்பர்கள் கொஞ்சம் பொறுத்தருள வேண்டும். இந்தக் கட்டுரையில் வருவதெல்லாம் பெருக்கல், வகுத்தல் கணக்குதான்.

கேபிளே இல்லாத காலம்

1981-ல் ஐபிஎம் தன்னுடைய முதல் பிசியை விற்றபோது, அந்த முழுப் பெட்டிக்கும் சேர்த்து உள்ளே இருந்த பவர் சப்ளை 63.5 வாட். ஒரு குண்டு பல்புக்கு ஆகும் மின்சாரத்தில் மதர்போர்டு, ஃபிளாப்பி டிரைவ், டிஸ்ப்ளே கார்டு எல்லாம் ஓடின. கார்டுக்குத் தனியாக கேபிள் எதுவும் கிடையாது. ஸ்லாட்டில் செருகினால் போதும், அந்தத் தங்க நிறக் கால்கள் வழியாகவே தகவலும் மின்சாரமும் போய்விடும்.

இந்த ஏற்பாடு 1990-கள் முழுக்கத் தாங்கியது. இன்டெல் உருவாக்கி 1997-ல் கம்ப்யூட்டர்களுக்கு வந்த ஏஜிபி ஸ்லாட், கிராபிக்ஸ் கார்டுக்கென்றே வந்தது. அதன் வழியாக 40-லிருந்து 50 வாட் வரை எடுக்கலாம். அன்றைக்கு அது தாராளம்.

பிறகு 3டி கேம்கள் வந்தன, கார்டுகளுக்குப் பசி வந்தது. ஏஜிபி புரோ என்று நீளமான ஒரு ஸ்லாட்டைக் கொண்டுவந்து 110 வாட் வரை கொடுத்துப் பார்த்தார்கள். அதற்கு மதர்போர்டையே மாற்ற வேண்டும். பணம் புழங்கும் வொர்க்ஸ்டேஷன்களைத் தாண்டி அது பரவவில்லை.

ஹார்ட் டிஸ்க்கிடமிருந்து கடன்

மதர்போர்டை மாற்றாமல் கூடுதல் மின்சாரம் எப்படிக் கொடுப்பது? கேபினெட்டுக்குள் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்த கேபிளைக் கடன் வாங்கினார்கள். ஹார்ட் டிஸ்க்குக்கும் சிடி டிரைவுக்கும் போகுமே, மஞ்சள், சிவப்பு, இரண்டு கறுப்பு என நாலு கம்பி உள்ள வெள்ளை பிளக், அதேதான். மோலெக்ஸ் என்பது ஒரு கம்பெனியின் பெயர். ஆனால் நாம் எல்லோரும் அந்த பிளக்கையே அப்படித்தான் கூப்பிடுகிறோம்.

2000-ல் 3டிஎஃப்எக்ஸ் கம்பெனி வெளியிட்ட வூடூ5 5500 கார்டில் இந்த மோலெக்ஸ் இருந்தது. ஒரே கார்டில் இரண்டு கிராபிக்ஸ் சிப். ஸ்லாட்டை மட்டும் நம்பினால் கட்டுப்படியாகாது. இதன் அண்ணன் வூடூ5 6000 இன்னும் வேடிக்கை. நாலு சிப். அதற்கு கேபினெட்டுக்குள் இருக்கும் பவர் சப்ளையே போதாது என்று நினைத்து, சுவரில் செருகும் தனி அடாப்டர் ஒன்றைக் கொடுப்பதாக இருந்தார்கள். லேப்டாப் சார்ஜரை கிராபிக்ஸ் கார்டின் பின்னால் வெளியிலிருந்து மாட்டுவது போல! அந்தக் கார்டு சோதனை மாதிரிகளோடு நின்றுபோனது. 2000 டிசம்பரில் 3டிஎஃப்எக்ஸ் தன் தொழில்நுட்பத்தை என்விடியாவுக்கு விற்க ஒப்புக்கொண்டது. ஆனால் தனி கேபிள் என்ற யோசனை மட்டும் பிழைத்துக்கொண்டது.

கார்டு பேச ஆரம்பித்தது

தனி கேபிள் வந்ததும் ஒரு புதுப் பிரச்சினையும் கூடவே வந்தது. அதுவரை கார்டை ஸ்லாட்டில் செருகினால் வேலை முடிந்தது. இப்போது மறப்பதற்கு ஒரு வேலை கூடிவிட்டது. 2002 ஆகஸ்டில் ஏடிஐ கொண்டுவந்த ரேடியான் 9700 புரோவில் ஃபிளாப்பி டிரைவுக்குப் போகும் சின்ன பிளக் இருந்தது. அடுத்து வந்த 9800 புரோவில் பெரிய மோலெக்ஸ். வாங்கியவர் அதை மாட்ட மறந்தால்? 'கார்டு கெட்டுப்போச்சு' என்று கடைக்குத்தான் தூக்கிக்கொண்டு போவார்.

அதனால் கார்டுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தார்கள். பவர் கேபிள் இல்லை என்றால், விண்டோஸ் வருவதற்கு முன்பே திரையில் எச்சரிக்கை எழுதும். அடுத்த சில வருடங்களில் என்விடியாவின் டிரைவர் இன்னொரு வழியைப் பின்பற்றியது. விண்டோஸுக்குள் ஒரு பெட்டி எழும்பி, 'போதுமான மின்சாரம் வரவில்லை, பாதுகாப்புக்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டேன்' என்ற பொருளில் சொல்லும். ஆள் பட்டினி, ஆனால் மயங்கி விழவில்லை.

அந்தக் காலக் கார்டுகளின் பசிக்கு ஒரு உதாரணம், 2004 ஏப்ரலில் வந்த ஜீஃபோர்ஸ் 6800 அல்ட்ரா. அதில் இரண்டு மோலெக்ஸ் இருந்தன. 480 வாட் பவர் சப்ளை இருந்தால் நல்லது என்று என்விடியா சொன்னது. முதல் ஐபிஎம் பிசியைப் போல ஏழு பிசிக்கள் ஓடும் மின்சாரம் அது.

ஒரு கம்பியின் ரகசியம்

2004-ல் பிசிஐ எக்ஸ்பிரஸ் வந்தபோது இந்தக் கடன் ஏற்பாட்டுக்கு ஒரு ஒழுங்கு வந்தது. ஸ்லாட் 75 வாட் தரும். அது போதாதவர்களுக்கு 6 பின் கேபிள், இன்னொரு 75 வாட். 2007-லிருந்து 8 பின் கேபிள், 150 வாட். இரண்டு 8 பின் மாட்டினால் ஸ்லாட்டோடு சேர்த்து 375 வாட். கணக்கு சுத்தம்.

நம் முதல் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. ஸ்லாட் வழியாக வரும் மின்சாரம், கேம் ஓட்டப் போதாது. ஆனால் திரையில் நாலு வார்த்தை எழுத அது தாராளம். கார்டின் பயாஸ் அந்த மின்சாரத்தில் விழித்து, சுற்றிப் பார்த்து, புகார் எழுதிவிட்டு உட்கார்ந்துவிடுகிறது.

இரண்டாவது கேள்விக்கு விடை இன்னும் அழகு. 6 பின் கேபிளில் ஆறும் மின்சாரம் கொண்டுவருவதில்லை. அதில் ஒன்று 'சென்ஸ்' பின். கேபிளுக்குள் அது கிரவுண்டோடு, அதாவது கறுப்புக் கம்பியோடு இணைந்திருக்கும். கார்டு அந்தப் பின்னைத் தொட்டுப் பார்க்கிறது. கிரவுண்ட் தட்டுப்பட்டால் கேபிள் இருக்கிறது, ஒன்றும் தட்டுப்படாவிட்டால் கேபிள் இல்லை. 8 பின்னில் இப்படி இரண்டு சென்ஸ் பின். ஒன்று மட்டும் கிரவுண்ட் என்றால் வந்திருப்பது 6 பின் கேபிள், இரண்டும் கிரவுண்ட் என்றால் 8 பின். இன்னொரு வேடிக்கை, 6 பின்னிலும் 8 பின்னிலும் 12 வோல்ட் கம்பிகள் அதே மூன்றுதான். கூடுதலாக வந்த இரண்டில் ஒன்று கிரவுண்ட், ஒன்று சென்ஸ். இதோடு 12 வோல்ட் உண்மையில் வந்து சேர்கிறதா என்றும் கார்டுகள் பார்த்துக்கொள்ளும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். கார்டு கேட்பது "கேபிள் இருக்கிறதா?" என்ற ஒரே கேள்வி. "கேபிள் நன்றாக உட்கார்ந்திருக்கிறதா? எல்லாக் கம்பியும் சமமாகச் சுமக்கின்றனவா?" என்று அது கேட்பதில்லை. வருகைப் பதிவேட்டில் 'உள்ளேன் ஐயா' சொல்வது மாதிரி. ஆள் வகுப்பில் இருக்கிறான் என்று தெரியும், பாடத்தைக் கவனிக்கிறானா என்று தெரியாது.

பல வருடங்களுக்கு அதனால் பெரிய ஆபத்து வரவில்லை. காரணம், எங்கள் காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தில் வரும் ஒரு வார்த்தை, மார்ஜின் ஆஃப் சேஃப்டி. விற்பனை எந்த அளவு வரை சரிந்தால் நஷ்டம் வராதோ, அந்த இடைவெளி என்று அங்கே படிப்போம். அதையே இங்கே போட்டுப் பாருங்கள். 8 பின்னில் 150 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் 12.5 ஆம்பியர். மூன்று கம்பிகளுக்குப் பிரித்தால் ஒன்றுக்குச் சுமார் 4.2 ஆம்பியர். அந்த ரகப் பின்கள் சாதாரணமாகவே 7 முதல் 9 ஆம்பியர் தாங்கும். அதாவது கிட்டத்தட்டப் பாதித் திறன் சும்மா கிடக்கிறது. கொஞ்சம் தளர்வாக மாட்டினாலும், ஒரு பின் சரியாகத் தொடாவிட்டாலும், மற்றவை சுமையை வாங்கிக்கொள்ளும்.

2016: விதியை மீறினால் என்ன?

நடுவில் ஒரு சின்ன நாடகம். 2016 ஜூன் இறுதியில் ஏஎம்டி, ரேடியான் ஆர்எக்ஸ் 480 கார்டை வெளியிட்டது. ஒரே ஒரு 6 பின், 150 வாட் என்று சொன்னார்கள். விமர்சகர்கள் அளந்து பார்த்தபோது, கார்டு ஸ்லாட்டிலிருந்தே 75 வாட்டுக்கு மேல் இழுத்துக்கொண்டிருந்தது. மலிவு மதர்போர்டுகள் என்ன ஆகும் என்ற கவலை பரவியது. ஏஎம்டி ஜூலையிலேயே புது டிரைவர் விட்டுச் சரி செய்தது. இங்கே தவறு கார்டை வடிவமைத்தவர்களுடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சாஃப்ட்வேரிலேயே தீர்ந்ததால் விஷயம் சீக்கிரம் அடங்கியது. ஆறு வருடம் கழித்து வந்தது அப்படி அடங்கவில்லை.

2022: இருக்கிறது என்று சொன்னது, எரிந்தது

கார்டுகள் 350, 450 வாட் என்று போனபோது மூன்று, நாலு 8 பின்களை வரிசையாக மாட்டுவது அசிங்கமாகவும் இடத்தை அடைப்பதாகவும் இருந்தது. 2020-ல் ஆர்டிஎக்ஸ் 30 வரிசையின் தன் சொந்தத் தயாரிப்புகளில் என்விடியா 12 பின் உள்ள ஒரு சின்ன கனெக்டரைப் போட்டது. அதிலிருந்து வளர்ந்துதான் 12வி-ஹெச்.பி.டபிள்யூ.ஆர். என்ற தரம் வந்தது. 12 பெரிய பின், அதன் தலைக்கு மேல் 4 குட்டி சென்ஸ் பின், ஆக 16. ஒரே பிளக்கில் 600 வாட்! இப்போது சென்ஸ் பின்கள் 'இருக்கிறேன்' என்பதோடு, 'என்னால் 150, 300, 450, 600 வாட்டில் இவ்வளவு தர முடியும்' என்றும் சொல்லும். கேள்வி புத்திசாலித்தனமாக ஆகிவிட்டது.

ஆனால் மார்ஜினைப் பாருங்கள். 600-ஐ 12-ஆல் வகுத்தால் 50 ஆம்பியர். ஆறு 12 வோல்ட் பின்களுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 8.3 ஆம்பியர். அந்தப் பின்னின் மதிப்பீடு சுமார் 9.5 ஆம்பியர். பாதியாக இருந்த மார்ஜின் 12 சதவீதமாகிவிட்டது. பின்களும் முன்பைவிடச் சின்னவை, நெருக்கமானவை.

ஆர்டிஎக்ஸ் 4090, 2022 அக்டோபர் 12-ல் 1,599 டாலர் விலையில் வந்தது. இரண்டு வாரத்துக்குள் உருகிய பிளக்குகளின் படங்கள் வெளிவர ஆரம்பித்தன. முதலில் அட்டைப் பெட்டியில் கொடுத்த அடாப்டர் மேல் சந்தேகம், பிறகு கம்பியை வளைத்தது காரணமா என்று சந்தேகம். நவம்பரில் கேமர்ஸ் நெக்சஸ் என்ற அமெரிக்க விமர்சனக் குழு, பிளக் முழுதாக உள்ளே போகாமல் சாய்ந்திருந்தால் உருகுகிறது என்று செய்து காட்டியது. உள்ளே சேரும் உலோகத் துணுக்குகளும் ஒரு காரணம் என்றார்கள். அதே மாதம் என்விடியா, உலகம் முழுக்கச் சுமார் 50 சம்பவங்கள் தெரியவந்ததாகவும், பொதுவான காரணம் பிளக் சரியாகச் செருகப்படாததே என்றும் அறிவித்தது. எந்த கேபிள், யாருடைய கார்டு என்று பார்க்காமல் மாற்றிக் கொடுக்க ஏற்பாடு செய்வதாகவும் சொன்னது.

ஏன் அரைகுறையாக மாட்டினால் உருகுகிறது? பின் முழுதாகத் தொடாவிட்டால் அந்த இடத்தில் தடை கூடும், தடை இருக்கும் இடத்தில் சூடு கூடும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்கு.

சரி, மாட்டியவர் தப்பென்றே வைத்துக்கொள்வோம். 20 வருடம் முன்பே கார்டுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தார்களே, அந்த எரர் மெசேஜ் என்ன ஆயிற்று? இங்கேதான் இந்த வரலாற்றின் முடிச்சு இருக்கிறது. சென்ஸ் பின்கள் போதுமான நீளம் இருந்ததால், பிளக் பாதி வெளியே நின்றபோதும் அவை தொட்டுக்கொண்டிருந்தன. கார்டு "கேபிள் இருக்கிறதா?" என்று கேட்டது. "உள்ளேன் ஐயா, 600 வாட்" என்று பதில் வந்தது. மெசேஜ் வரவில்லை. முழு வேகத்தில் ஓடியது.

2023-ல் திருத்தம் வந்தது, 12வி 2×6 என்ற பெயரில். சென்ஸ் பின்களை 1.5 மி.மீ. குறைத்தார்கள், மின்சாரப் பின்களை 0.25 மி.மீ. நீட்டினார்கள். இனி முழுதாக உள்ளே போனால்தான் சென்ஸ் தொடும். சென்ஸ் தொடாவிட்டால் அனுமதி 0 வாட். உபயோகிப்பவரின் தப்பு என்று சொல்லப்பட்ட ஒன்றுக்கான மருந்து, கடைசியில் 1.5 மி.மீ. டிசைன் மாற்றமாக வந்தது. இதை நான் சும்மா குத்திக்காட்டச் சொல்லவில்லை. செருகியவர்கள் சரியாகச் செருகவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் அது தெரிந்த பிறகும் தடுக்க வழி இருந்தது என்பதும் உண்மை.

துணைப் பொருள் விற்றவர்களும் தப்பவில்லை. கேபிள்மாட் கம்பெனியின் வளைந்த அடாப்டர்கள் தளர்ந்து சூடாகி உருகியதாக 272 புகார்கள் வர, 2024 பிப்ரவரியில் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் அறிவிப்போடு சுமார் 25,300 அடாப்டர்கள் திரும்பப் பெறப்பட்டன.

ட்ரையல் பேலன்ஸ் டாலி ஆனால் போதுமா?

கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். 2025 ஜனவரி இறுதியில் 575 வாட் ஆர்டிஎக்ஸ் 5090 புது கனெக்டரோடு வந்தது. பிப்ரவரியில் மறுபடி உருகிய படங்கள். 'டெர்பவர்' என்ற பெயரில் பிரபலமான ஜெர்மானியர் ரோமன் ஹார்ட்டுங் தன் கார்டின் கம்பிகளைத் தனித்தனியாக அளந்தார். சமமாகப் பிரிந்தால் ஒரு கம்பியில் 8 ஆம்பியர் ஓட வேண்டும். ஒரு கம்பியில் 20 ஆம்பியருக்கு மேல் ஓடியது. மற்றவற்றில் அதைவிட மிகக் குறைவாகவே ஓடியது.

கார்டுக்கு இது தெரியாதா? தெரியாது. 3090 வரிசையில் அந்த ஆறு பின்களை மூன்று ஜோடியாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியையும் தனியாக அளந்தார்கள். 4090, 5090-ல் ஆறும் கார்டுக்குள் நுழைந்ததும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. கார்டு பார்ப்பது மொத்தத்தை மட்டும்.

பி.காம். நண்பர்களுக்கு இது நன்றாகப் புரியும். ட்ரையல் பேலன்ஸ் இரண்டு பக்கமும் டாலி ஆகிவிட்டது என்பதால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. ஒரு கணக்கில் ஆயிரம் கூடி, இன்னொன்றில் ஆயிரம் குறைந்திருந்தால் மொத்தம் சரியாகத்தான் இருக்கும். காம்பன்சேட்டிங் எரர் என்று முதல் வருடத்திலேயே படித்தோம். ஒரு கம்பி 20, மற்றவை 5, 6 என்றாலும் மொத்தம் 48. கார்டின் பேரேடு டாலி. கம்பி மட்டும் கருகுகிறது.

அசூஸின் ஆஸ்ட்ரல் வகை 5090 கார்டு ஒவ்வொரு பின்னையும் தனியாக அளந்து, ஏற்றத்தாழ்வு இருந்தால் தன் சாஃப்ட்வேர் வழியாக எச்சரிக்கிறது. 'கேபிள் எங்கே?' என்று ஆரம்பித்த மெசேஜ், 'இந்தக் கம்பி அதிகம் சுமக்கிறது' என்று சொல்லும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. ஆனால் அது எச்சரிக்கை மட்டும்தான், சுமையைப் பிரித்துக் கொடுக்காது. அதற்கும் விலை உயர்ந்த கார்டு வாங்க வேண்டும்.

உங்கள் திரையில் அந்த மெசேஜ் வந்தால்

மேலே சொன்ன வரலாற்றிலிருந்தே வைத்தியமும் கிடைக்கிறது.

1. முதலில் கம்ப்யூட்டரை அணைத்து, சுவர் ஸ்விட்சையும் அணையுங்கள். கார்டில் எத்தனை சாக்கெட் இருக்கிறதோ அத்தனையும் மாட்டியிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று காலியாக இருந்தாலும் இந்த மெசேஜ் வரும்.

2. 6+2 கேபிளில் அந்தத் தனி 2 பின் துண்டு நழுவியிருக்கிறதா பாருங்கள். சென்ஸ் பின்களில் ஒன்று அதில்தான் இருக்கிறது. இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்து, 'க்ளிக்' கேட்கும் வரை அழுத்துங்கள்.

3. பிராசஸருக்குப் போகும் 8 பின்னை இதில் திணிக்காதீர்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும்.

4. கழற்றி மாட்டும் கேபிள் உள்ள எஸ்எம்பிஎஸ் என்றால், அதோடு வந்த கேபிளையே பயன்படுத்துங்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைக்குப் பொதுவான தரம் கிடையாது. நண்பனின் கேபிள் அழகாகப் பொருந்தி, அழகாக எரித்துவிடும்.

5. சாட்டா கேபிளை 6 பின்னாக மாற்றும் அடாப்டர் வேண்டாம். சாட்டாவில் 12 வோல்ட் பின் மூன்று, ஒன்றுக்கு 1.5 ஆம்பியர், மொத்தம் 54 வாட். 6 பின்னோ 75 வாட் கேட்கலாம். கணக்கே உதைக்கிறது.

6. இரண்டு சாக்கெட் உள்ள கார்டுக்கு, முடிந்தால் ஒரே கேபிளின் இரண்டு தலைகளுக்குப் பதில் இரண்டு தனி கேபிள் கொடுங்கள்.

7. 16 பின் என்றால் டார்ச் அடித்துப் பாருங்கள், இடைவெளி தெரியக்கூடாது. பிளக்கிலிருந்து 3.5 செ.மீ. வரை கம்பியை வளைக்காதீர்கள். பழுப்பு நிறமோ கருகல் வாசனையோ இருந்தால் மறுபடி ஆன் செய்ய வேண்டாம்.

8. எல்லாம் சரியாக இருந்தும் மெசேஜ் போகவில்லை என்றால் வேறு எஸ்எம்பிஎஸ்ஸில் அதே கார்டையும், அதே எஸ்எம்பிஎஸ்ஸில் வேறு கார்டையும் போட்டுப் பாருங்கள். எது நோயாளி என்று தெரிந்துவிடும்.

யார் தப்பு?

வணிகச் சட்டத்தில் 'வாங்குபவனே, கவனம்' என்று ஒரு பழைய கொள்கை உண்டு. கூடவே அதற்கு விதிவிலக்குகளும் உண்டு. வாங்குபவர் தன் தேவையைச் சொல்லி, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்துவது விற்பவரின் பொறுப்பு. கிராபிக்ஸ் கார்டை மாட்டுவது லேபில் இருக்கும் இஞ்சினியர் இல்லை. மேஜைக்கடியில் குனிந்து, ஒரு கையில் செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தடவிச் செருகும் சாதாரண ஆள். 8 பின்னைச் செய்தவர்கள் அந்தக் கை தடுமாறும் என்று கணக்குப் போட்டுச் செய்தார்கள். 16 பின்னைச் செய்தவர்கள் அந்தக் கை தடுமாறாது என்று நம்பிச் செய்தார்கள்.

அதனால் கறுப்புத் திரையில் அந்த வாக்கியத்தைப் பார்த்தால் எரிச்சல்படாதீர்கள். கார்டு உங்களை நம்பவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். அப்படி நம்பாமல் இருப்பதுதான் உங்களுக்கு நல்லது.

பி.கு: பழைய 16 பின் கேபிள் வைத்திருப்பவர்கள், 12வி 2×6 கார்டு வாங்கினால் கேபிளை மாற்ற வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டாம். நீளம் மாறியது சாக்கெட் பக்கத்துப் பின்களில்தான். அதே கேபிள் பொருந்தும். முழுசாச் செருகுங்க, அவ்வளவுதான் :-)